இந்திராணியின் அரக்கு

"எந்த மோடுல எடுத்த?"

வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றியிருக்க மாட்டார். கையில் மெமரி கார்டு டப்பா, முகத்தில் மூன்று நாள் கல்யாண வீட்டில் நின்ற களைப்பு. வா என்பதும் கிடையாது, உட்கார் என்பதும் கிடையாது. திரையைப் பார்த்தபடியே இந்திராணி கேட்கும் முதல் கேள்வி இதுதான். தெலுங்குக்காரர் என்றால் "ஏ மோட்லோ தீசாவு?" என்று மொழி மட்டும் மாறும், குரல் மாறாது. காமிராவே பார்த்துக்கொள்ளட்டும் என்று ஆட்டோ மோடில் விட்டுவிட்டேன் என்று யாராவது வாய் தவறிச் சொல்லிவிட்டால் தீர்ந்தது. "அப்ப உனுக்குக் கண்ணு எதுக்கு? கழட்டி அந்த டப்பாவுலயே போட்டுட்டுப் போ. நானாவது வச்சிக்கினு பார்க்கிறேன்."

திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்சந்தில், ஒரு லாட்ஜின் மாடியில் அவளுடைய அறை. நான்கு சுவரும் சாம்பல் நிறம். ஜன்னலை மறைத்துத் துணி. அவளும் சாம்பல் நிறப் பருத்திப் புடவைதான் கட்டுவாள். பளிச்சென்று ஏதாவது பக்கத்தில் இருந்தால் அதன் சாயல் திரையில் விழுந்து கண்ணை ஏமாற்றும் என்பது அவள் கட்சி. கிளிப்பச்சைச் சட்டையோடு வருகிறவர், ஆணியில் தொங்கும் சாம்பல் போர்வையைப் போர்த்திக்கொண்டுதான் உட்கார வேண்டும். சித்திரை வெயிலில் போர்வைக்குள் வேர்த்து வழிந்துகொண்டு தன் மகள் கல்யாணத்தைப் பார்த்த அப்பாக்கள் இந்த ஊரில் பலர் உண்டு. கீழே லாட்ஜ் நடத்தும் அம்மாள், இவள் யாருக்கோ துக்கம் காக்கிறாள் என்று நினைத்து முதல் வருஷம் முழுக்க எதிரே வராமல் ஒதுங்கிப் போனாளாம். இந்திராணியிடம் யாரோ இதைச் சொன்னபோது, "ஒதுங்கட்டும், படி காலியா இருக்கும்" என்றாள்.

ஒரு கல்யாணத்துக்கு இப்போதெல்லாம் இரண்டு மூன்று காமிரா. அவற்றில் ஒன்றை 'லாக்' என்ற முறையில் எடுத்து வருவார்கள். படம் வெளுத்து, சப்பென்று, உப்புப் போடாத குழம்பாக இருக்கும். வேண்டுமென்றேதான் அப்படி, உப்பையும் காரத்தையும் பிறகு தன் கம்ப்யூட்டரில் இந்திராணி போட்டுக்கொள்வாள். இன்னொன்று சாதா முறையில், எல்லாம் போட்டு இறக்கிய குழம்பாகவே வந்து சேரும். ஒரே மணமேடை, ஒரே பெண், ஒரே நொடி. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அக்கா தங்கை என்றுகூடச் சொல்ல முடியாது. அந்த இரண்டு பேரையும் ஒரே பெண்ணாக்கித் தருவதுதான் இவள் பிழைப்பு. காளஹஸ்தியிலிருந்து சித்தூர் வரை காமிராக்காரர்கள் திட்டு வாங்கிக்கொண்டே இவளிடம் வருகிறார்கள். படம் கைக்குக் கிடைப்பதற்குள் பிறந்த பிள்ளைக்கு மலையில் மொட்டை அடித்துவிடலாம் என்று கேலி செய்கிறவர்களும் இவளிடம்தான் வருகிறார்கள்.

சொந்த ஊர் நகரி. புருஷனுக்கு ஸ்டேஷன் பக்கத்தில் பஞ்சர் கடை. காலை ரயிலில் வந்து சாயங்கால ரயிலில் திரும்புகிறாள். விசைத்தறிக் கூடத்தில் நூல் சுற்றிக்கொண்டிருந்தவள், ஊரெல்லாம் கேபிள் டிவியும் வீடியோக் கடையும் வந்த காலத்தில் ஒரு கடையில் கேசட் மாற்றிப் போடும் வேலைக்குச் சேர்ந்து, அங்கிருந்து இங்கே வந்து நிற்கிறாள். தறியூர்ப் புத்தி மட்டும் விடவில்லை. கார்டு கொடுக்க வருகிறவர், கல்யாணப் பெண் கட்டிய புடவையின் ரவிக்கைத் துணியிலிருந்து விரல் நீளத்துக்கு ஒரு வெட்டும் கொண்டுவர வேண்டும். அதைத் திரையோரத்தில் ஒட்டிவைத்து, இரண்டு காமிராவும் அந்தத் துணிக்கு வந்து சேரும்வரை விட மாட்டாள். மெஷின் சொல்லும் எண்களை அவள் நம்புவதில்லை. "நம்பரா வந்து மணையில குந்திச்சி?" என்பாள்.

அவளுக்குக் கோபம் வராத நாள் கிடையாது. அதிலும், "பொண்ண மட்டும் கொஞ்சம் கலராக்கிடுங்க" என்று யாராவது குரலைத் தாழ்த்திச் சொல்லும்போது வருவதுதான் பெரிய கோபம். ஆரம்ப நாளில் அவளும் வெளுத்துக் கொடுத்தவள்தான், மறைக்க மாட்டாள். வரதய்யபாளையத்துப் பக்கம் ஒரு பெண், தன் கல்யாணப் படத்தைப் பார்த்துவிட்டு, "யாருக்கா இது?" என்று கேட்டாளாம். அன்றோடு விட்டாள். இப்போது கேட்டால் பதில் இதுதான்: "ஆக்கறேன். ஆனா அவ ஊட்டுக்கு வந்தப்புறம் உன் கண்ணுக்கு யாரு கலர் போடுவாங்க, அத்தச் சொல்லு."

தணிகைவேல் என்றால் அவளுக்கு எப்போதுமே எரிச்சல். புத்தூர்க் காமிராக்காரன், முப்பத்தைந்து வயது, இரண்டு பிள்ளைகள், பொறுமை மட்டும் கிடையாது. தாலி ஏறிய மறுநாளே வாட்ஸ்அப்பில் ஒரு நிமிஷப் படம் அனுப்பினால்தான் பார்ட்டிக்காரர்கள் மெச்சுகிறார்கள் என்று சொல்லி, எல்லாவற்றுக்கும் ஒரே அடியாகப் போட ஒரு 'லுக்' செய்து கொடுக்கும்படி மூன்று மாதம் இவள் உயிரை எடுத்தான். லுக் என்றால் உப்பு, காரம், புளி எல்லாம் அளந்து கட்டிய பொட்டலம். படத்தின்மேல் போட்டால் நிறம் தானாக ஏறிக்கொள்ளும். தொல்லை தாங்காமல் ஒருநாள் பென்டிரைவில் போட்டு அவன் சட்டைப்பையில் திணித்து அனுப்பினாள்.

புரட்டாசி பிறந்து நாலாம் நாள், நகரியிலிருந்து உமாபதி வந்தார். விசைத்தறிக்காரர், இந்திராணியின் தெருவுக்கு அடுத்த தெரு. கூடவே மகள் அகிலா. இவர் கையில் துணிக்கடைப் பை. சொல்லாமலே இரண்டு பேரும் ஆணியைப் பார்த்தார்கள். ஒரே ஒரு போர்வைதான் இருந்தது. அகிலா எடுத்து அப்பாவுக்குப் போர்த்தினாள்.

கதை இதுதான். வைகாசியில் அகிலாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை சிரஞ்சீவி, சித்தூர்ப் பையன். குவைத்தில் டிரைவர் வேலை, லீவில் வந்து தாலி கட்டினான். தாலி ஏறியபின் அம்மி மிதிக்கும்போது கட்டிக்கொள்ளவென்று தன் மகளுக்குத் தானே ஓர் அரக்குப் புடவை நெய்து போட்டார் உமாபதி. லீவு முடியும் முன்பே, திரும்பி வர வேண்டாம் என்று அங்கிருந்து சேதி வந்துவிட்டது. அந்த ஊர்க்காரர்களுக்கே இனி அந்த வேலையாம். அந்த வாரத்திலிருந்து மாப்பிள்ளையின் அம்மா வெங்கடம்மா, கல்யாணத்துக்கு மறுநாள் தணிகைவேல் அனுப்பிய ஒரு நிமிஷப் படத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்க ஆரம்பித்தார். அதில் அகிலா கறுப்புப் புடவையில் அம்மி மிதித்துக்கொண்டிருந்தாள்.

ஆடிக்குப் பிறந்த வீடு வந்த பெண்ணை ஆவணியில் யாரும் அழைக்க வரவில்லை. விசாரித்தால், மங்கல காரியத்தில் கறுப்புக் கட்டிக்கொண்டு வந்தவள், அதுதான் பிள்ளை வேலைக்கு வேட்டு வைத்தது என்று பதில் வந்தது.

"போன குடு" என்றாள் இந்திராணி. படத்தைப் பார்த்தாள். பையிலிருந்த புடவையை உருவித் திரைக்குப் பக்கத்தில் பிடித்தாள். நல்ல அரக்கு, பழுத்த இலந்தைப் பழத்தின் நிறம். அவள் காது மடல் சிவந்துபோயிற்று.

"கல்யாணத்துக்கு எத்தினி பேருண்ணா வந்தாங்க?"

"நானூறு இருக்கும்மா."

"நானூறு ஜதை கண்ணு! ஒருத்தரும் பார்க்கலியா?"

"அப்ப எல்லாரும் அரக்குன்னுதாம்மா சொன்னாங்க. வீடியோ வந்தப்புறம் அவங்களுக்கே கருப்பாத்தான் இருந்திச்சின்னு தோணிப்போச்சாம்" என்றார் உமாபதி. அவர் இதைக் கோபமே இல்லாமல், தறியில் நூல் அறுந்ததைச் சொல்வதுபோலச் சொன்னார். அதுதான் இந்திராணிக்கு ஆறவில்லை. என்ன மனுஷன் இவர்! பெற்ற மகளை வீட்டோடு உட்கார வைத்துவிட்டார்கள், ஒரு சத்தம் போடத் தெரிகிறதா பாருங்கள்.

அகிலாதான் பேசினாள். "அக்கா, அந்த ஊட்டுக்கு நான் திரும்பிப் போறனா இல்லியா, அது அப்புறம். அவங்க வந்து கேட்டா நான் சொல்லிக்கிறேன். ஆனா கருப்புக் கட்டிக்கினு போனவன்னு எம் மேல பேரு கீது பாருங்க, அது போவணும். இது நைனா தறியில நெய்ஞ்ச பொடவ."

இந்திராணி தணிகைவேலுக்குப் போன் போட்டாள். லாட்ஜின் கீழ்த்தளம்வரை கேட்டது. ஒரு குடியைக் கெடுத்தவனே என்று ஆரம்பித்து, அவன் காமிரா, அவன் லேப்டாப், அவனுக்குத் தொழில் கற்றுக்கொடுத்த ஆள் என்று ஒன்றையும் விடாமல் ஒரு சுற்று வந்தாள். கடைசியில் கேட்டாள்:

"அந்த கிளிப்பு எந்த காமிரா?"

"ரெண்டாவதுக்கா. சாதா மோடு."

"அதும்மேல இன்னா கருமத்தடா போட்ட?"

"நீங்க குடுத்த லுக்குதாங்க்கா. பென்டிரைவுல போட்டுக் குடுத்தீங்களே? இத்தப் போட்டா எல்லாம் சரியாப் போவும், என் உயிர வாங்காதன்னீங்க."

இந்திராணி போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். அந்தப் பொட்டலம் லாக்கில் எடுத்த படத்துக்காகக் கட்டியது. சாதா மோடில் எடுத்ததன்மேல் போடாதே என்று அவள் அவனிடம் சொல்லவில்லை. அவன் போய்த் தொலைந்தால் போதும் என்றிருந்தது அன்றைக்கு. உப்புப் போட்ட குழம்பில் மறுபடி ஒரு கை உப்பு. போதாததற்கு, அவன் லேப்டாப்பில் எடிட் செய்யும் மென்பொருள் வேறு. இருட்டான இடங்களை அது இன்னும் ஒரு படி அமுக்கிவிட்டது. அரக்கு கறுத்துப்போனது. எந்த மோடில் எடுத்தாய் என்று ஊரையெல்லாம் கேட்கிறவள், எந்த மோடுக்கு என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லாமல் விட்டிருக்கிறாள்.

போனை வைத்துவிட்டு, தன் தலையில் தானே நறுக்கென்று ஒரு குட்டு வைத்துக்கொண்டாள். "எம் மேலதான்ணா தப்பு" என்றாள் உமாபதியிடம். அதையும் திட்டுகிற குரலில்தான் சொன்னாள். அவளிடம் இருப்பது அந்த ஒரு குரல்தான்.

இரண்டு நாள் வேறு வேலையைத் தொடவில்லை. தணிகைவேலிடமிருந்து கார்டுகளை வரவழைத்து, இரண்டு காமிராப் படத்தையும் புடவைக்குப் பக்கத்தில் வைத்து, நூல் நூலாக அரக்குக்குக் கொண்டுவந்தாள். மூன்றாம் நாள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு உமாபதியோடு சித்தூர் பஸ் ஏறினாள். அகிலா வரவில்லை. கூப்பிடாத வீட்டுக்கு வர மாட்டேன் என்றுவிட்டாள். இந்திராணிக்கு அந்தப் பெண்ணிடம் கோபித்துக்கொள்ள ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

குவைத்தை நம்பி எழுப்பிய வீடு. மாடி பாதியில் நின்றுபோய், கம்பிகள் துருவேறித் துருத்திக்கொண்டிருந்தன. வெங்கடம்மா சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். பொல்லாதவர் போலவெல்லாம் இல்லை, பயந்துபோனவராகத்தான் தெரிந்தார். சிரஞ்சீவி வாசற்படியில் உட்கார்ந்து போனைத் தேய்த்துக்கொண்டிருந்தான். வேலை போன நாளிலிருந்து அவன் இடம் அதுதான் போலிருக்கிறது.

இந்திராணி லேப்டாப்பை ஸ்டூலில் வைத்துப் படத்தை ஓட்டினாள். பக்கத்தில் புடவையை விரித்தாள். இரண்டும் ஒரே நிறம். எங்கே பிசகு நடந்தது, யார் தவறு என்பதையும் சொன்னாள். ஒருவரையும் ஒரு வார்த்தைகூடத் திட்டாமல் அவ்வளவு நேரம் அவள் பேசியது அன்றைக்குத்தான்.

வெங்கடம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். "நல்லாத்தாம்மா கீது. ஆனா கலர் மாத்துறதுதானே உனுக்கு வேலையே? கருப்ப அரக்காக்க உனுக்கு எத்தினி நேரம் ஆவும்?"

இந்திராணி திரையையும் புடவையையும் மாறி மாறிப் பார்த்தாள். இத்தனை வருஷம் பாடுபட்டுக் கற்ற வித்தை இப்படியா வந்து காலை வாரும்?

"பொடவ இதோ கீதேம்மா" என்றார் உமாபதி மெதுவாக.

"தறி உங்களுது. ஒண்ணு நெய்ஞ்சவங்களுக்கு இன்னொண்ணு நெய்யத் தெரியாதா?"

அவ்வளவுதான். பிடித்துவைத்திருந்த கோபமெல்லாம் ஒரே மூச்சில் வெளியே வந்தது. "ஏம்மா, நீங்க அங்கதானே நின்னுக்கினு இருந்தீங்க? பொண்ணுக்கு ஒரு அடி தள்ளி! உங்க கண்ணுல பார்த்தத உட்டுட்டு, எவனோ போன்ல அனுப்பிச்சத நம்பறீங்களே! அந்தப் பொண்ணு இன்னா பண்ணா உங்களுக்கு? குவைத்துக்காரன் வேலைய எட்த்துக்கினான்னா அவன்கிட்டப் போயி கேளுங்க!"

"பார்த்தேன். மண்டபத்து லைட்டுல இன்னா தெரியும்? எனுக்குக் கருப்பாத்தான் தெரிஞ்சிது."

"கார்டுல வந்தது வந்த மாதிரியே கீது. நான் கைய வெக்காதது. அத்தயும் பார்த்துடுங்க" என்று இந்திராணி சாவிகளைப் படபடவென்று தட்டினாள்.

கல்யாணப் படம் எடிட் செய்கிறவர்கள் எல்லோரும் முதலில் செய்யும் காரியம், காமிராவில் பதிந்த சத்தத்தை அணைப்பது. மேலே பாட்டு வைக்கப்போகிறார்கள், ஐயர் இருமுவதும் பிள்ளைகள் அழுவதும் யாருக்கு வேண்டும்? இந்திராணியும் அந்தக் கல்யாணத்தின் சத்தத்தை ஒருநாளும் கேட்டதில்லை. இப்போதுதான், கை படாத அந்தத் துண்டு தன் சொந்தச் சத்தத்தோடு ஓடியது. மேளம், நாதஸ்வரம், யாரோ பூத்தட்டைக் கேட்கிற குரல். அகிலா அம்மிமேல் கால் வைத்தாள். காமிராவுக்குப் பக்கத்திலிருந்து, கணீரென்று ஒரு குரல்:

"கங்கம்மா, தெரிதாடீ? குவைத்துல சிக்னல் கீதா? இன்னாது, கருப்பா? ஐய, கருப்பு இல்லடீ, அரக்கு! போன்ல உனுக்கு அப்டித் தெரிது. நேர்ல பார்த்தா கண்ணப் பறிக்குது! சம்பந்தி கையால நெய்ஞ்சதாம். லட்சுமி கணக்கா கீறா எம் மருமவ!"

வெங்கடம்மாவின் குரல். வீடியோ காலில் குவைத்திலிருக்கும் தங்கைக்குக் கல்யாணத்தைக் காட்டிக்கொண்டிருந்திருக்கிறார்.

வாசற்படியில் சிரஞ்சீவி போனைத் தேய்ப்பதை நிறுத்திவிட்டான்.

"அது... அன்னிக்கு ஏதோ கும்பல்ல..." என்றார் வெங்கடம்மா.

"இருங்க" என்றாள் இந்திராணி. படத்திலிருந்த நிறம் முழுவதையும் உருவி எடுத்தாள். மணமேடை, மாலை, புடவை எல்லாம் பழைய காலத்துப் படம் போல வெறும் கறுப்பு வெள்ளை. "கலரே இல்ல இப்ப. இதுல நான் மாத்தறதுக்கு ஒண்ணுமில்ல. காதால கேளுங்க." மறுபடி ஓட்டினாள். கருப்பு இல்லடீ, அரக்கு. முடிந்ததும் மூன்றாம் தடவையும் போட்டாள். அது வேண்டியதே இல்லை, வேண்டுமென்றே போட்டாள். வெங்கடம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சுவரைப் பார்த்தார்.

"போதும்க்கா, நிறுத்துங்க" என்று சிரஞ்சீவி எழுந்து உள்ளே வந்தான். மாமனார் முகத்தைப் பார்க்க அவனால் முடியவில்லை. புடவையைப் பார்த்துப் பேசினான். "மாமா, வர்ற வெள்ளிக்கிழம நான் வந்து கூட்டிக்கினு வந்துடறேன்."

"கூட்டிக்கினு வர்றது இருக்கட்டும்" என்றாள் இந்திராணி. "மொதல்ல போயி அவ எதிர நில்லு. நின்னு கேளு. வரதா வாணாமான்னு அவ சொல்லுவா."

சரியென்று அவன் தலையாட்டினான். வெங்கடம்மா திரும்பாமலே, "போயி கேளுடா" என்றார்.

உமாபதிக்குக் கண் நிறைந்துவிட்டது. புடவையைக்கூட மடிக்காமல் எழுந்தார். சம்பந்தியம்மாளின் முன்னால் போய், இடுப்பு வளைய, இரண்டு கைகளையும் மார்புக்கு நேரே குவித்தார். "பெரிய மனசும்மா உங்களுக்கு" என்று தொடங்கினார்.

இந்திராணி இரண்டே எட்டில் அவரிடம் வந்தாள். குவிந்திருந்த அந்தக் கைகளை இரண்டு மணிக்கட்டிலும் பிடித்து, வெடுக்கென்று பிரித்துவிட்டாள்.